புழுவை அரைத்து எலிசா தட்டில் பூசினால் போதாதா?

"டெங்குவுக்கும் எச்ஐவிக்கும் கால் மணி நேரத்தில் கோடு விழும் பட்டைகள் வந்துவிட்டன. வைரஸைவிடப் புழு எவ்வளவோ பெரியது. அதை அரைத்து எலிசா தட்டில் பூசி, நோயாளியின் சீரத்தை ஊற்றினால் ஆன்டிபாடி இருக்கிறதா என்று தெரிந்துவிடாதா? புழுத்தொற்றுக்கு ரத்தப் பரிசோதனை உருவாக்குவது ஏன் இவ்வளவு கஷ்டம்?" பயோடெக்னாலஜி கடைசி ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். (ஆன்டிபாடி என்பது தொற்றை எதிர்த்து உடல் செய்யும் புரதம். சீரம் என்பது ரத்தம் உறைந்தபின் தெளியும் நீர். எலிசா என்பது, தட்டின் சிறு குழிகளில் பூசிய பொருளில் ஆன்டிபாடி ஒட்டினால் நிறம் காட்டும் பரிசோதனை.)

அரைத்தால் வேலை செய்யும், தம்பி. முதல் நாளே செய்யும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். யானைக்கால் நோயை உண்டாக்கும் உச்சரேரியா பான்கிராஃப்டி என்ற புழு மனித உடலில்தான் வாழும். சோதனைக்கூடத்து எலியில் வளர்க்க முடியாது. அதனால் அதன் உறவுக்காரப் புழுவைத் தேடிப் போவோம். மாட்டின் வயிற்றுக்குழியில் செட்டேரியா டிஜிடேட்டா என்றொரு புழு இருக்கும். வெள்ளை நூல் மாதிரி, ஒரு விரல் நீளம். விடியற்காலையில் இறைச்சிக்கூடத்துக்குப் போய், குடலை எடுத்த பிறகு அந்தக் குழியில் நெளிந்துகொண்டிருப்பதைப் பொறுக்கி, உப்புநீர்ப் புட்டியில் போட்டுக்கொண்டு வருவேன். நாலைந்து முறை அலசி, அரைத்து, மையவிலக்கில் சுற்றி, மேலே தெளிந்த நீரை எடுத்துத் தட்டில் பூசினேன். யானைக்கால் நோயாளிகளின் சீரத்தை ஊற்றிக் கழுவி, கடைசியில் நிறமூட்டியை விட்டதும் குழிகள் ஒவ்வொன்றாக நீலமாயின. அமிலம் விட்டதும் பளிச்சென்று மஞ்சள். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுவாரம் கூட வேலை செய்த எட்டுப் பேரிடம் ரத்தம் வாங்கி அதே தட்டில் வைத்தேன். எட்டில் ஐந்து மஞ்சள். ஒருவருக்கும் யானைக்கால் இல்லை. ஒருவருடைய மலத்தில் மட்டும் உருண்டைப் புழுவின் முட்டை இருந்தது. மற்ற நால்வரிடம் எதுவுமே கிடைக்கவில்லை.

ஏன் அப்படி ஆனது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இருக்கிறது.

எச்ஐவி வைரஸில் மொத்தமே ஒன்பது ஜீன்கள். யானைக்கால் புழுக்களில் ஒன்றான புரூகியா மலாயியின் மரபணுத் தொகுதி 2007-ல் வெளியானபோது ஏறத்தாழ 11,500 ஜீன்கள் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். அதில் பெரும்பகுதி உருண்டைப் புழு, கொக்கிப்புழு, மாட்டுப்புழு எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வடிவில் பொது. புரதம் மட்டுமில்லை. ஃபாஸ்ஃபோரில்கோலின் என்ற சிறு மூலக்கூறு பல புழுக்களின் சர்க்கரைச் சங்கிலிகளில் தொங்குகிறது. நிமோனியா உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியாவின் சுவரிலும் அதே மூலக்கூறு இருக்கிறது. சின்ன வயதில் சளிக்காய்ச்சல் வந்த யாருக்கும் அதற்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். ஆக, அரைத்த புழுவைத் தட்டில் பூசும்போது "உனக்கு யானைக்கால் புழு இருக்கிறதா?" என்று நாம் கேட்கவில்லை. "நீ இந்த ஊரில் வளர்ந்தவனா?" என்று கேட்கிறோம்.

இதிலிருந்து வெளியேற இரண்டு வழிகள் கிடைத்தன. ஒன்று ஆன்டிபாடியின் பக்கம், இன்னொன்று ஆன்டிஜெனின் பக்கம், அதாவது ஆன்டிபாடி பற்றிக்கொள்ளும் புழுப் பொருளின் பக்கம்.

ஆன்டிபாடியின் பக்கத்தை முதலில் சொல்கிறேன், அதுதான் எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது. நம் ரத்தத்தில் உள்ள ஐஜிஜி என்ற ஆன்டிபாடி வகையில் நான்கு துணைவகைகள் உண்டு. நான்காவதான ஐஜிஜி4 சாதாரணமாக மொத்தத்தில் நூற்றுக்கு நாலைந்து பங்குதான் இருக்கும். எரிக் ஓட்டெசனும் அவருடன் இருந்தவர்களும் 1985-ல் ஃபைலேரியா (யானைக்கால் புழு வகை) நோயாளிகளின் சீரத்தைத் துணைவகை பிரித்துப் பார்த்தபோது, புழுவுக்கு எதிராக எழுந்த ஐஜிஜியில் இந்தக் கடைக்குட்டிதான் தூக்கலாகத் தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரே அந்நியப் பொருளோடு குடித்தனம் நடத்த வேண்டிவரும்போது உடல் ஐஜிஜி4-க்கு மாறுகிறது. அது அழற்சியைத் தூண்டாத, சண்டை போடாத ஆன்டிபாடி. புழுவோடு உடல் செய்துகொண்ட சமாதானம் என்றே சொல்லலாம். நமக்கு வேண்டியது என்ன? ஃபாஸ்ஃபோரில்கோலினுக்கு எதிரான ஆன்டிபாடிகள் பெரும்பாலும் ஐஜிஜி2-வாகத்தான் இருக்கின்றன. எனவே எலிசாவின் கடைசிப் படியில் எல்லா ஐஜிஜியையும் பிடிக்காமல் ஐஜிஜி4-ஐ மட்டும் பிடித்தால், குறுக்கே வரும் இரைச்சலில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. என் எட்டுப் பேரில் ஐந்து மஞ்சள், அந்த ஒரு மாற்றத்தில் ஒன்றாகக் குறைந்தது.

இதற்கும் விலை உண்டு. ஐஜிஜி4 தாமதமாக எழும். புதிதாகத் தொற்றியவர்களில் சிலர் தப்பிவிடுவார்கள். இன்னொரு பொறியும் இருக்கிறது, மாணவர்கள் அடிக்கடி விழுவது. ஐஜிஜி4 மூலக்கூறுகள் தங்களுக்குள் பாதியைப் பாதியாக மாற்றிக்கொள்ளும். ஒரு கை ஃபைலேரியாவைப் பிடிக்கும், இன்னொரு கை வேறெதையோ பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே ஆன்டிஜெனை வைத்து, நடுவில் ஆன்டிபாடி பாலமாக நிற்க வேண்டும் என்ற அமைப்பில் உங்கள் பட்டையை வடிவமைத்தால், இந்த ஐஜிஜி4 பாலமாக நிற்காது. வைரஸ் பரிசோதனைகளில் நன்றாக ஓடும் அமைப்பு என்று பார்த்துக் காப்பியடித்தால் இங்கே ஏமாற்றிவிடும்.

இனி ஆன்டிஜெனின் பக்கம். பதினோராயிரத்தில் எதை எடுப்பது? 1980-களின் கடைசியிலும் 1990-களிலும் செய்த முறை எளிமையானது, அழகானது. புழுவின் ஜீன்களைத் துண்டு துண்டாக, பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்களில் ஏற்றித் தட்டில் பரப்புவார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு புழுப் புரதத்தைச் செய்யும். மேலே ஒரு சவ்வை ஒற்றி எடுத்து, நோயாளியின் சீரத்தில் நனைத்தால், எந்தப் புள்ளி ஒளிர்கிறதோ அந்தப் புரதத்தை நோயாளியின் உடல் அடையாளம் காண்கிறது என்று பொருள். எது முக்கியம் என்று நாம் ஊகிக்கவில்லை, நோயாளியின் ரத்தத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். இந்த மாதிரித் தேடல்களில்தான் பிஎம்14, எஸ்எக்ஸ்பி-1, இன்னொரு ஃபைலேரியா புழுவால் வரும் ஆப்பிரிக்க ஆற்றுக்குருடு நோய்க்கான ஓவி16 எல்லாம் கிடைத்தன.

எஸ்எக்ஸ்பி-1 நமக்கு நெருக்கமான கதை. திசாநாயக்க, பீசென்ஸ் முதலானோர் 1990-களின் தொடக்கத்தில் புரூகியா புழுவில் அதை அடையாளம் கண்டார்கள். பிறகு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பி. காளிராஜ் குழுவினர் உச்சரேரியாவிலிருந்து அதன் இணைப் புரதத்தை எடுத்து, சில நிமிடங்களில் முடிவு தெரியும் வடிகட்டிப் பரிசோதனையாக மாற்றி 2004-ல் வெளியிட்டார்கள். புரூகியா, உச்சரேரியா இரண்டையும் அது காட்டியது. அதன் அருமையைப் புரிந்துகொள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று யானைக்காலுக்குப் பரவலாகப் பயன்படும் பட்டைகள் ஆன்டிபாடியைத் தேடுபவையல்ல, புழுவே ரத்தத்தில் விடும் ஆன்டிஜெனைத் தேடுபவை. உயிருள்ள புழு இருந்தால் காட்டும், பகலிலும் காட்டும் (நுண்புழு என்ற புழுக்குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் உலவும்), நல்ல பரிசோதனை. ஆனால் அது உச்சரேரியாவுக்கு மட்டும்தான். புரூகியாவுக்கு அப்படியொரு ஆன்டிஜென் பட்டை இல்லை. அதனால்தான் மலேசியாவில், பினாங்கின் சயின்ஸ் மலேசியா பல்கலைக்கழகத்தில், ரஹ்மா நூர்தின் பிஎம்ஆர்1 என்ற புரதத்தை வைத்து ஐஜிஜி4 ஆன்டிபாடிப் பட்டையை உருவாக்கினார். புரூகியா பரவும் இடங்களில் யானைக்கால் ஒழிப்புத் திட்டம் இன்றும் அந்த ஆன்டிபாடி வழியைத்தான் நம்பியிருக்கிறது.

புரதத்தைக் கண்டுபிடித்ததும் எல்லோரும் ஈ. கோலை பாக்டீரியாவில் அதைச் செய்வார்கள். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. ஈ. கோலை நம் எல்லோர் குடலிலும் இருக்கிறது. அதற்கு எதிரான ஆன்டிபாடி எல்லோர் ரத்தத்திலும் இருக்கிறது. உங்கள் புரதத்தில் நூற்றில் ஒரு பங்கு ஈ. கோலை கசடு தங்கினாலும் தட்டு முழுக்க மஞ்சளாகும். புழு ஜீன் ஏற்றாத வெறும் ஈ. கோலையை அதே முறையில் சுத்திகரித்து ஒரு வரிசையில் பூசி வையுங்கள். இந்த வரிசை இல்லாத எலிசா படத்தை நான் நம்புவதே இல்லை.

ஈ. கோலையால் செய்ய முடியாத வேலையும் உண்டு. அதற்குப் பன்றி நாடாப்புழுவை எடுத்துக்கொள்ளலாம். அதன் முட்டை வயிற்றுக்குள் போய், இளம்புழு மூளையில் கட்டியாகத் தங்கினால் வலிப்பு வரும். நம் நாட்டில் வலிப்புக்கு இது பெரிய காரணம். விக்டர் சாங் 1989-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் செய்த பரிசோதனையைத்தான் இன்றும் எல்லோரும் ஒப்பீட்டுக்கு வைக்கிறார்கள். அவர் கட்டியை அரைத்ததோடு நிற்கவில்லை. பயறு விதையிலிருந்து எடுத்த, சர்க்கரையைப் பற்றும் ஒரு புரதத்தின் வழியே சாற்றை ஓட்டி, ஒட்டிக்கொண்ட சர்க்கரைப் புரதங்களை மட்டும் பிரித்து எடுத்தார். ஏழு சர்க்கரைப் புரதங்கள். நோயாளிகளில் நூற்றுக்கு 98 பேரைக் காட்டியது. மற்றவர்களில் ஒருவரையும் தவறாகக் காட்டவில்லை. இந்தப் புரதங்களைச் சோதனைக்கூடத்தில் செய்ய முயன்றபோதுதான் சிலவற்றுக்குச் சரியான மடிப்பு தேவை, பாக்டீரியாவில் அது வராது என்று தெரிந்தது. பூச்சி உயிரணுக்களில் செய்ய வேண்டியிருந்தது.

அந்த 98-ஐப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எண் மூளையில் பல கட்டிகள் உள்ளவர்களிடமிருந்து வந்தது. இந்தியாவில், அதுவும் வேலூர் சிஎம்சியில் வேதாந்தம் ராஜசேகர் போன்றோர் ஆண்டுக்கணக்கில் எழுதிவந்தது, ஒற்றைக் கட்டியோடு வலிப்பு வரும் நோயாளிகளைப் பற்றி. கட்டி ஒன்றே ஒன்று, அதுவும் செத்துச் சுருங்கும் நிலையில் இருந்தால் ரத்தத்தில் ஆன்டிபாடி பலருக்குத் தெரிவதில்லை. அதே பரிசோதனை, அதே நோய், ஆனால் நம்மூரில் 'நெகட்டிவ்' என்று வந்தால் அதை நம்பி ஸ்கேனை ஒதுக்க முடியாது. ஒரு பரிசோதனையின் திறன் அந்தப் பெட்டிக்குள் இருப்பதல்ல. எந்த நோயாளிகளிடம் அதை அளந்தார்கள் என்பதையும் சேர்த்ததுதான்.

"நாங்கள் சைவம், எங்களுக்கு எப்படி?" என்று வலிப்பு நோயாளிகளின் வீட்டார் கேட்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் நான்கு யூதர்களுக்கு இந்த மூளைக்கட்டி வந்தது. பன்றிக்கறியைத் தொடாத மரபினர். குடும்பத்தாரில் 17 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது ஏழு பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. வீட்டுவேலைக்கு வந்தவர்களைப் பரிசோதித்ததில் ஒருவருடைய குடலில் நாடாப்புழு. கறி தின்றால் குடலில் புழு வரும். மூளைக்கட்டி, குடலில் புழு உள்ள ஒருவரின் கையிலிருந்து முட்டையாக வரும். அந்த வீடுகளில் இந்த வழியைத் துலக்கியதில் ஆன்டிபாடிப் பரிசோதனைக்குப் பெரிய பங்கு.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஆன்டிபாடி என்பது உடலின் ஞாபகம். புழு செத்த பிறகும் அது பல ஆண்டுகள் இருக்கலாம். கோவிட் காலத்தில் இதை எல்லோரும் பார்த்தோம். வைடால் பரிசோதனையை வைத்து டைஃபாய்டு என்று எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். "இன்று இந்த ஆளுக்குள் உயிருள்ள புழு இருக்கிறதா?" என்ற கேள்விக்கு ஆன்டிபாடி பெரும்பாலும் மோசமான பதில். ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்டால் அதைவிட நல்ல பதில் கிடையாது. அதனால் ஆன்டிஜெனைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் கேள்வியைத் தேர்ந்தெடுங்கள் என்கிறேன்.

இலங்கையைப் பாருங்கள். 2002 முதல் 2006 வரை ஐந்து ஆண்டுகள் யானைக்கால் பகுதிகளில் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். 2016-ல் ஒழிப்பை உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. இதற்கு நடுவில், 2014-ல் வெளியான ஒரு விரிவான ஆய்வில் ராமகிருஷ்ண ராவ் முதலானோர் ஆன்டிஜென், கொசுவுக்குள் புழுவின் டிஎன்ஏ ஆகியவற்றோடு பள்ளிக் குழந்தைகளின் ரத்தத்தில் பிஎம்14 ஆன்டிபாடியையும் பார்த்தார்கள். ஆன்டிஜென் பரிசோதனையில் தேறிய இடங்களிலும், குறிப்பாகக் காலி மாவட்டக் கடலோரத்தில், குழந்தைகளின் ஆன்டிபாடி இன்னும் கொசு புழுவைக் கடத்திக்கொண்டிருக்கிறது என்று காட்டியது. மாத்திரை நிறுத்திய காலத்தை ஒட்டிப் பிறந்த குழந்தைக்கு அந்த ஆன்டிபாடி பழைய ஞாபகமாக இருக்க முடியாது. அதன் வாழ்நாளே அவ்வளவுதான். பெரியவர்களிடம் குறையாக இருந்த அதே நீண்ட ஞாபகம், குழந்தையிடம் தேதி முத்திரையாக மாறிவிடுகிறது.

ஆற்றுக்குருடு ஒழிப்பிலும் இதே யோசனைதான். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஓவி16 ஆன்டிபாடி 0.1 சதவீதத்துக்கும் கீழே என்று உறுதியாகத் தெரிந்தால் மருந்தை நிறுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வழிகாட்டியது. முன்பெல்லாம் குழந்தையின் தோலைக் கிள்ளி எடுத்து நுண்ணோக்கியில் புழு தேடினார்கள். இப்போது விரல் நுனியில் ஒரு துளி.

அந்த 0.1 சதவீதத்தைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,000 குழந்தைகளில் உண்மையாகத் தொற்றியவர்கள் இரண்டு பேர். உங்கள் பரிசோதனை தொற்றில்லாதவர்களில் நூற்றுக்கு 98 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்றால், மீதி 1,998 பேரில் சுமார் 40 பேர் பொய்யாகப் பாசிட்டிவ். 42 பாசிட்டிவில் இரண்டுதான் உண்மை. நோய் குறையக் குறைய நல்ல பரிசோதனையும் பொய் சொல்லத் தொடங்கும். 98 சதவீதம் என்று ஆய்வுக் கட்டுரையில் எழுத நன்றாக இருக்கும், ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில் அது உதவாது. அதனால்தான் இரண்டு வெவ்வேறு ஆன்டிஜென்களை அடுத்தடுத்து வைத்து, இரண்டிலும் விழுந்தால் மட்டும் கணக்கில் எடுப்பது போன்ற வழிகளைத் தேடுகிறார்கள்.

தனி ஆளுக்கும் ஆன்டிபாடி கைகொடுக்கும் இடங்கள் உண்டு. நம்மூர் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது, இரவில் இருமலும் இழுப்புமாக வரும் வெப்பமண்டல ஈஸினோஃபிலியா. 1940-ல் மதனப்பள்ளியில் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் காசநோய் போலத் தோன்றும் நோயாக இதை முதலில் விவரித்தார்கள். ஈஸினோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை 3,000-க்கு மேல் எகிறும். ஆனால் இரவில் எடுத்த ரத்தத்திலும் ஒரு நுண்புழுகூடக் கிடைக்காது, ஏனென்றால் உடல் அவற்றை நுரையீரலிலேயே வடிகட்டி அழித்துவிடுகிறது. அந்த அழிக்கும் வேகம்தான் நோயே. அங்கே ஃபைலேரியா ஆன்டிபாடி வானளாவ நிற்கும். புழுவைத் தேடிப் பயனில்லாத இடத்தில் உடலின் கோபத்தை அளந்து நோயைப் பிடிக்கிறோம்.

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் இன்னொன்று. இது உடலுக்குள்ளேயே சுற்றி வந்து தன்னைத் தானே மறுபடி தொற்றவைக்கும் புழு. மலத்தில் சொற்பமாகவே வரும், அதனால் ஒருமுறை மலம் பார்த்து இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டாம் உலகப்போரில் சயாம்-பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகளிடம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் இந்தப் புழு உயிரோடு இருந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு அங்கே மடிந்த நம் தமிழர்களை நினைக்காமல் அந்த ஆய்வுகளை என்னால் படிக்க முடிவதில்லை. இந்தப் புழு உள்ளவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் அது கட்டுக்கடங்காமல் பெருகி உயிரைக் குடிக்கும். எனவே ஸ்டீராய்டுக்கு முன்பே ஆன்டிபாடி பார்த்து மருந்து கொடுப்பது உயிர் காக்கும் வேலை. கூடுதல் நன்மை, புழு மருந்தான ஐவர்மெக்டின் வேலை செய்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ஆன்டிபாடி அளவு இறங்குகிறது, அதனால் குணமானதையும் ஓரளவு பின்தொடரலாம். ஆனால் எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே நொறுங்கிய நோயாளியிடம் ஆன்டிபாடி எழாமலே போகலாம். அங்கே நெகட்டிவை நம்பக் கூடாது.

சரி, உங்கள் ப்ராஜெக்டுக்கு வருகிறேன். பெரும்பாலான மாணவர்கள் ஜீனை ஆர்டர் செய்வதில் தொடங்கி, சீரம் தேடுவதைக் கடைசி மாதத்தில் வைக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் சீரம். இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் எடுத்த ரத்தத்தில் நுண்புழு கண்ணால் பார்த்தவர்களின் சீரம் வேண்டும். கால் வீங்கியவர்கள் மட்டும் போதாது. வீக்கம் முற்றிய பலருக்குள் புழு எப்போதோ செத்திருக்கும். உருண்டைப் புழு, கொக்கிப்புழு, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் உறுதியானவர்களின் சீரம் வேண்டும். காசநோய், தொழுநோய், முடக்குவாதம் உள்ளவர்களுடையதும் கொஞ்சம் வேண்டும். யானைக்கால் பரவாத மலைப்பகுதியிலோ வெளிநாட்டிலோ வளர்ந்தவர்களின் சீரம் கட்டாயம். என் எட்டு சகாக்களை 'நெகட்டிவ்' என்று நான் கூப்பிட்டதே தவறு. ஆப்பிரிக்காவின் லோவா புழுவுக்கான சீரம் இல்லையே என்று உலகம் பூராவும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம். உங்கள் பரிசோதனை இந்தியாவுக்கு என்றால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு துளியும் எடுக்காதீர்கள்.

இன்னொரு சிக்கல் வரும், அதில் குழம்ப வேண்டாம். இரவு ரத்தப் பூச்சில் புழு தெரியாத சிலர் உங்கள் தட்டில் மஞ்சளாவார்கள். உடனே 'பொய் பாசிட்டிவ்' என்று எழுதிவிடாதீர்கள். கண்ணாடித் தகட்டில் வைத்த இரண்டு மூன்று துளியில் புழு அகப்படாமல் போயிருக்கலாம், தொற்று புதிதாக இருந்து நுண்புழு இன்னும் வெளிவராமல் இருக்கலாம், பழைய தொற்றின் ஞாபகமாகவும் இருக்கலாம். அவர்களுக்கு ஆன்டிஜென் பட்டை போடுங்கள். முடிந்தால் ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுங்கள். ஒவ்வொரு குப்பியிலும் ஊர், வயது, ரத்தம் எடுத்த நேரம், கடைசியாக மாத்திரை சாப்பிட்ட வருடம் நான்கையும் எழுதி வையுங்கள். நேரம் எழுதாத குப்பிகளை வைத்துக்கொண்டு நான் ஒரு வருடம் வீணாக்கினேன். பகலில் எடுத்ததா இரவில் எடுத்ததா என்று தெரியாத 'நெகட்டிவ்' எதற்கும் உதவவில்லை.

ஒரே சீரத்தைத் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்காதீர்கள், சிறு குப்பிகளாகப் பிரித்து வையுங்கள். பட்டை செய்யும் கட்டத்துக்குப் போனால், சொன்ன நிமிடத்தில்தான் படிக்க வேண்டும். காய்ந்த பிறகு எழும் மங்கலான கோட்டை எண்ணினால் ஊரே நோயாளி ஆகிவிடும்.

எந்தப் புழுவை எடுத்திருக்கிறீர்கள், கேள்வி எது, தனி நோயாளிக்கா இல்லை ஊர் முழுவதற்குமா என்று எழுதுங்கள் தம்பி. ஃபைலேரியா என்றால் புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975 முதல் இதே வேலையில் இருக்கிறது. உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் வழியாக அங்கே முதலில் கடிதம் எழுதச் சொல்லுங்கள்.